இருபத்து மூன்றாம் எண் சாவி

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த 'ர', எந்த 'ன' என்று இன்றைக்கும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அச்சில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

மந்தைவெளியில் வாரா வாரம் வாசலில் விழுகிற பேட்டைப் பத்திரிகையில் இதை எழுதச் சொன்னவர் என் அக்கா வீட்டுக்காரர், மாமா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊர்ல இருக்கிறவன் எல்லாம் இன்னா நெனைக்கிறான்? ஜெர்மனிக்குப் போனவன் கோட்டு சூட்டு போட்டுக்கினு குந்திக்கினு கீறான்னு நெனைக்கிறான். நீ பட்ட பாட்டை எழுது மச்சான், அப்பதான் புத்தி வரும்" என்றார். புத்தி யாருக்கு வரும் என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

2

நான் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவன் இல்லை. பதினாறு வயதில் அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவச் சேர்ந்தேன். பிறகு பம்புகளுக்கு எண்ணெய் மாற்றினேன். பிறகு கசிவு கண்டுபிடிக்கிற வேலை. இரும்புக் கலத்துக்குள் காற்றே இல்லாமல் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் அங்கே சோதனை செய்வார்கள். எங்காவது முடி அளவு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே போய்விடும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, மீட்டர் முள் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், பொறுமை போதும். பேசக் கூச்சப்படுகிறவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

ஒரு வருடம் அங்கே வந்து வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர், முள் துள்ளுவதற்கு முன்பே நான் கசிவு இருக்கும் இடத்தைத் தொடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் ஆறு மாத வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். ஆறு மாதம் பத்தொன்பது வருடமாகிவிட்டது. மனைவி கஸ்தூரி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறாள். மகள் தேன்மொழி அங்கேயே பிறந்தவள். இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பெயர்தான் தேன்மொழி, தமிழ் பேசச் சொன்னால் கசாயம் குடிக்கிற முகம் வரும்.

நான் வேலை செய்கிற இடம் ஒரு வட்டமான சுரங்கப் பாதை. ஒரு முறை சுற்றி வரக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் வளையமாக ஒரு குழாய். குழாய்க்குள் காற்று கிடையாது. அதில் மின்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடும். குழாய் நெடுக வைத்திருக்கும் பெரிய காந்தங்கள் அவற்றைத் திருப்புகிற இடங்களில் ஒரு வகை ஒளி கிளம்பும். அந்த ஒளியில் தங்கள் பொருளை வைத்துப் பார்ப்பதற்கு எத்தனையோ தேசங்களிலிருந்து வேதியியல்காரர்களும் இயற்பியல்காரர்களும் வருகிறார்கள். ஒரு வருடம் காத்திருந்தால் மூன்று நாள் கிடைக்கும். அந்த மூன்று நாளில் அவர்கள் தூங்குவதே இல்லை.

மின்துகள் ஓடும்போது சுரங்கத்துக்குள் மனிதர் இருந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் ஒரு வழக்கம். வாசலில் ஒரு பலகை, அதில் நாற்பது சாவிகள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் நோட்டில் கையெழுத்துப் போட்டு ஒரு சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் இயந்திரம் ஓடாது. பெரிய அதிகாரி வந்து பொத்தானை அமுக்கினாலும் ஓடாது. ஒரு சாவி இல்லை என்றால் ஒரு மனிதர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

என்னுடையது இருபத்து மூன்று.

3

எங்கள் வேலை உடுப்பில் பை கிடையாது. எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படித் தைத்திருக்கிறார்கள். மற்றவர்களில் பலர் சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் நாள் முழுவதும் காந்தங்களுக்கு அடியில் படுத்துத் தவழ்கிறவன். கழுத்துக் கயிறு எதிலாவது மாட்டிக்கொள்ளும். முதல் வாரமே அதைக் கழற்றிவிட்டேன். என் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கிறது, அதில் ஓர் ஊக்கு இருக்கிறது, ஊக்கில் என் வீட்டுப் பீரோச் சாவி இருக்கிறது. அதோடு இதையும் கோத்துக்கொண்டேன். அடையாற்றில் பம்பு அறைச் சாவியும் என்னிடம் அப்படித்தான் இருந்தது. பத்தொன்பது வருடம் ஒரு நாள் கூடத் தொலைந்ததில்லை.

ஆவணியில் அக்கா மகனுக்குத் தியாகராய நகரில் கல்யாணம். நானும் கஸ்தூரியும் புறப்பட்ட அன்று மதியம் வரை எனக்கு வேலை இருந்தது. கோடைப் பராமரிப்பு முடிந்து மாலையில் இயந்திரத்தைத் திரும்ப ஓட்டப் போகிறார்கள். கடைசி மூட்டைச் சோதித்துவிட்டு வெளியே வந்தேன். எங்கள் மேஸ்திரி யோர்க் வாசலிலேயே நின்று, "விமானத்தை விட்டுவிடப் போகிறாய், ஓடு" என்று முதுகில் தட்டினான். உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

விமான நிலையத்தில் சோதனைக் கதவு பீப் என்றது. அதிகாரி என் இடுப்பைத் தடவினார். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இரண்டு சாவிகளையும் கறுப்புக் கயிற்றையும் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார்.

"வீட்டுச் சாவி" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் நான் அப்படித்தான் நம்பினேன்.

4

காலையில் சென்னையில் இறங்கி, மந்தைவெளியில் அக்கா வீட்டுக்கு வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். இரண்டு சொம்பு ஊற்றியதும் கை இடுப்பில் பட்டது. ஒரு சாவி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. சோப்பு நுரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பித்தளையில் 2, 3 என்று வெட்டியிருந்தது.

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதே நேரம் வெளியே கஸ்தூரியின் போன் அடித்தது. என் போனை விமானத்தில் அணைத்தவன் திரும்பப் போடவே இல்லை. கஸ்தூரி கதவைத் தட்டினாள். "ஏங்க, தேனு கூப்பிடுறா. அழுவுறா. சீக்கிரம் வாங்க!"

துண்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். வீடு முழுக்கக் கல்யாணத்துக்கு வந்த சனம். போன் திரையில் தேன்மொழி. அவளுக்குப் பின்னால் நான் நன்றாக அறிந்த சுவர்: இயந்திரத்தை ஓட்டுகிற கட்டுப்பாட்டு அறை. இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை கூப்பிட்டும் அவள் வராத இடம்.

"அப்பா, நீங்க எங்க இருக்கீங்க?"

"மாமா வீட்ல."

"உள்ள இல்லையே? நிஜமா உள்ள இல்லையே?" என்று கேட்டுவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் திக்கித் திக்கிச் சொன்னதிலிருந்து புரிந்தது இதுதான். மாலையில் இயந்திரம் ஓட மறுத்தது. பலகையில் இருபத்து மூன்று இல்லை. நோட்டில் என் கையெழுத்து. என் போன் அணைந்திருந்தது. நான் விமானம் ஏறியிருப்பேன் என்று யோர்க் சொன்னான். ஏறியதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எங்கோ காந்தத்துக்கு அடியில் மயங்கிக் கிடக்கிறேன் என்று விளக்கை எடுத்துக்கொண்டு சுரங்கம் முழுவதும் தேடினார்கள். ஒரு முறை தேடி முடித்து மறுபடி தேடினார்கள். விடிந்ததும் தேன்மொழிக்குத் தகவல் போனது. அவள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தாள். அவள் வந்தபோது மூன்றாவது தடவையாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் உங்க பேரைக் கத்திட்டே போறாங்கப்பா" என்றாள்.

யோர்க் முகம் திரைக்குள் வந்தது. கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான், பிறகு திட்டினான், பிறகு சிரித்தான். மூன்றும் சேர்ந்தே வந்தன. குரல் மட்டும் போதாது, ஆளும் சாவி எண்ணும் ஒன்றாகத் தெரிய வேண்டும், அதைப் பார்த்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரத்தை ஓட்டலாம், சாவி பலகைக்குத் திரும்பாதபோது அது ஒன்றுதான் விதிவிலக்கு என்றான்.

சாவியோ இடுப்பில். ஊக்கு ஈரத்தில் இறுகிப் போய்த் திறக்கவில்லை.

மாமா போனை வாங்கிக்கொண்டார். "நீ அப்படியே நில்லு மச்சான், நான் காட்றேன்."

"மாமா, முகமும் தெரியணுமாம்."

"தெரியும்டா. குனி. இடுப்பைத் தூக்கு. இன்னாடா இது, நெளிஞ்சிக்கினே கீற?"

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்றாள் கஸ்தூரி. "துண்டு, துண்டு! புடிச்சுக்குங்க!"

"அய்ய, அவனுங்க நம்பரைப் பாக்கட்டும்மா. மத்ததை யாரு பாக்கப் போறா?"

மணமகன் முதல் பந்தல்காரர் வரை கூடம் கொள்ளாமல் நின்று சிரித்தார்கள். கூட்டத்தில் காபி கேட்கவே கூச்சப்படுகிறவன் நான். அன்று ஒரு கையால் துண்டையும் ஒரு கையால் சாவியையும் பிடித்துக்கொண்டு, ஏழெட்டு ஜெர்மன்காரர்களுக்கு முன்னால் நின்றேன். யோர்க் எண்ணை உரக்கப் படித்தான். என்னையும் உரக்கச் சொல்லச் சொன்னான். "நான் வெளியே இருக்கிறேன்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். அறையில் கைதட்டல் கேட்டது. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் தூரதேசத்திலிருந்து தன் மருந்துப் பொருளோடு வந்தவர் என்றும், அவருக்குக் கிடைத்த மூன்று நாளில் ஓர் இரவு என்னால் போயிற்று என்றும் பிறகு தெரிந்தது. அடுத்து வந்த குழு தன் நேரத்தில் பாதி நாளை அவருக்கு விட்டுக்கொடுத்ததாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

5

அன்று மாலையே சாவியை அனுப்பிவிட வேண்டும் என்று லஸ் பக்கம் ஒரு கூரியர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் படிவத்தை நீட்டினாள்.

"உள்ள என்ன சார்?"

"சாவி."

"எதோட சாவி?"

எப்படிச் சொல்வது? "ஒரு மெஷினோட சாவி."

"மெஷினரி பார்ட்ஸா? அப்ப வேற ஃபார்ம். பில் வேணும், கம்பெனி லெட்டர் வேணும். வீட்டுச் சாவின்னா இப்பவே போட்டுடலாம் சார்."

வீட்டுச் சாவி என்று ஒரு முறை சொன்னதே போதும். திரும்பி வந்துவிட்டேன். அது கல்யாணம் முடியும் வரை அக்காவின் சாமி அலமாரியில் இருந்தது.

6

கல்யாணத்தில் நான் சிரித்த முகமாக இருக்கிறேன், போட்டோவில் பார்க்கலாம். உள்ளுக்குள் வேறு. மறுநாளே வேலையிடத்துக் கடிதம் வந்திருந்தது. ஜெர்மனி திரும்பியதும் விசாரணை. தேன்மொழி போனில் படித்துச் சொன்னாள். அதில் ஒரு கேள்வி: பாதுகாப்பு விதித்தாளைப் படித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டீர்களா?

என்னைத் தூங்க விடாதது அந்தக் கேள்விதான். எனக்கு அவர்கள் மொழியில் பேசுவது கொஞ்சம் வரும், படிக்க வராது. இது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வருடா வருடம் தை பிறக்கும் சமயத்தில் விதித்தாள் கொடுப்பார்கள். வீட்டுக்கு எடுத்து வருவேன். முதலில் கஸ்தூரி அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவாள். தேன்மொழிக்கு எட்டு வயதானதிலிருந்து அவள் படித்துச் சொல்வாள். ஆறு விதிகள். மனப்பாடமாகிவிட்டன. வளர வளர அவள் படிக்கிற வேகம் கூடியது. இந்த வருடம் விடுதியிலிருந்து வந்தவள் தாளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் போன வருஷத்துதான்பா, சைன் பண்ணுங்க" என்று போனைப் பார்க்கப் போய்விட்டாள். நானும் போட்டேன்.

இப்போது அவள் குரல் இறங்கியது. "அப்பா, இப்பதான் முழுசாப் பார்த்தேன். புதுசா ஏழாவது ஒண்ணு இருக்கு. சாவியைக் கழுத்துக் கயித்துலதான் போடணும், டிரெஸ்ஸுக்கு வெளிய தெரியணும்னு."

படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் சுரங்கத்துக்குள் போகிற அனுமதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அட்டை போனால் வேலை போகும். நாற்பத்தெட்டு வயதில் ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பேன்? படித்தேன் என்று சொன்னால், தெரிந்தே விதியை மீறியவன். இரண்டு பக்கமும் இடி.

"நான் உங்ககூட வர்றேன்" என்றாள் தேன்மொழி.

"வேணாம்மா. உன் பேரு இதுல வர வேணாம்."



7

விசாரணை அறையில் ஐந்து பேர். பாதுகாப்பு அதிகாரி உல்ரிகே என்ற அம்மாள் நடுவில். பக்கத்தில் யோர்க்கும், எங்கள் குழுவில் மூன்று பேரும். நான் சாவியை மேசையில் வைத்தேன். தேன்மொழி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்றதைக் கேட்டால் அவள் என் மகளா?

உல்ரிகே கேட்டார்: "விதிகள் தெரியுமா?"

நான் ஆறையும் வரிசையாகச் சொன்னேன். தாளில் இருந்தபடியே, ஒரு சொல் பிசகாமல். அவர் தாளில் விரல் வைத்துப் பின்தொடர்ந்து வந்தார். ஆறாவதில் விரல் நின்றது. "ஏழாவது?"

பத்தொன்பது வருடம் சட்டைக்குள் மறைத்ததை மேசையில் வைக்க வேண்டிய நேரம். தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் சொன்னேன். "எனக்கு உங்கள் எழுத்துப் படிக்கத் தெரியாது. ஐந்து வருடம்தான் பள்ளிக்கூடம் போனேன். யாராவது படித்துச் சொன்னால் மறக்க மாட்டேன். இந்த வருடம் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். என் தவறு."

"அவர் தவறு இல்லை" என்றாள் தேன்மொழி. "படித்துச் சொல்ல வேண்டியவள் நான். பழையதுதான் என்று நினைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போடச் சொன்னேன்." அவள் காது நுனி சிவந்திருந்தது.

உல்ரிகே தாளை மடித்துக்கொண்டு எங்கள் குழுவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். ஏழாவது என்ன?"

யோர்க் கூரையைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் மேசையைப் பார்த்தான். அடுத்தவன் மெதுவாகக் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு, சாவியில்லாத வெறும் கழுத்துக் கயிற்றை எடுத்து, அவசரமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அதைப் பார்த்து உல்ரிகே சிரிக்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

படிக்கத் தெரிந்த நாலு பேர். ஒருவரும் படிக்கவில்லை.

"இனி இதை வருடத்துக்கு ஒரு முறை நானே எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன்" என்றார் உல்ரிகே. பிறகு என்னிடம், "உங்கள் அட்டை உங்களிடமே இருக்கட்டும். ஆனால் இந்தப் படிவத்தில் கடைசிக் கட்டம் இருக்கிறதே, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன வழி? அதைக் காலியாக விட்டால் மேலே ஏற்க மாட்டார்கள்" என்றார்.

ஒவ்வொருவராக ஏதோ சொன்னார்கள். மணி அடிக்கிற கருவி, கம்ப்யூட்டர், வாசலில் காமிரா. நான் பொதுவாகக் கேட்காமல் பேச மாட்டேன். அன்று பயம் இறங்கிய லேசில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்சனில் இருந்தேன். மாடிக்கு ஒரு கழிவறை, முப்பது ஆண்பிள்ளைகள். அவசரத்தில் அதன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மேனேஜர் ஒரு நாள் அந்தச் சாவியோடு முழ நீளத்துக்குக் கட்டில் கால் ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு சாவி தொலைந்ததே இல்லை. கட்டில் காலோடு யார் பஸ் ஏறுவார்கள்?

இதை நான் பாதி பேச்சிலும் பாதி கைஜாடையிலுமாகச் சொன்னேன். திணறிய இடங்களில் தேன்மொழி மொழிபெயர்த்தாள். கழிவறை என்று வரும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினாள். யோர்க் மேசையில் தட்டிச் சிரித்தான். உல்ரிகே சிரித்துக்கொண்டே எழுதினார். எழுதி முடித்து, யோசனை சொன்னவர் என்ற இடத்தில் என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டார்.

இப்போது நாற்பது சாவிகளிலும் செங்கல் அளவு மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை தொங்குகிறது. இடுப்பிலும் கட்ட முடியாது, பையிலும் போட முடியாது. தோளில் மாட்டிக்கொண்டு தவழ்கிறோம். எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அது இனிக்கிறது.

8

வெளியே வந்ததும் டிராம் ஏறினோம். மதியம் இரண்டு மணி, கூட்டம் இல்லை. ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டுத் தேன்மொழி பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்லூரிக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். மூன்று வாரம் சரியாகத் தூங்காத உடம்பு. வெயில் கண்ணாடி வழியாக முகத்தில் பட்டது. இரண்டாவது நிறுத்தம் வரை நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது டிராம் நின்றிருந்தது. வெளியே நான் பார்த்தே இராத வயல்வெளி. என் தலை அவள் தோளில் கிடந்தது. அவள் சட்டையில் என் எச்சில் ஈரம்.

"எங்கம்மா இருக்கோம்?"

"கடைசி ஸ்டாப்புப்பா."

"நம்ம இடம் போயிடுச்சா?"

"ரெண்டு தடவை" என்றாள். "இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போயிட்டு வந்தாச்சு. நீங்க தூங்குங்க. எந்த இடம்னு எனக்குத் தெரியும், நான் எழுப்புறேன்."

நான் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐப்பசி, இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மாலை.